பரிசுச் சீட்டு வரியும் முதியோர் பாதுகாப்பும் – கேரளம் காட்டும் பாடம்

மக்கள் நல அரசு ஒன்றுக்கு இருவகைச் சட்டங்கள் இன்றியமையாதவை. நலப்பணிகளுக்கு வேண்டிய பணத்தைத் திரட்டுவதற்கான சட்டங்கள் ஒருவகை. அப்பணம் யாருக்காகத் திரட்டப்படுகிறதோ அவர்கள் ஏமாற்றப்படாமலும் கைவிடப்படாமலும் காப்பதற்கான சட்டங்கள் மற்றொரு வகை. முதல்வகைச் சட்டங்கள் பெரும்பாலும் விரைவாக இயற்றப்பட்டு, கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படுகின்றன. இரண்டாம்வகைச் சட்டங்கள் இயற்றப்பட்ட பின்னரும் அவற்றின் நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள் மெல்லவே உருவாகின்றன. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளக் கேரளத் தலைநகரான திருவனந்தபுரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பரிசுச் சீட்டைக் கொண்டு அறப்பணிக்கு நிதி திரட்டும் துறையும், முதியோர் நலனைக் கண்காணிக்கப் புதிதாக அமைக்கப்பட்ட ஆணையமும் இந்நகரிலேயே அமைந்துள்ளன.

இவ்விரு துறைகளையும் பற்றிய சட்டங்கள் எவை, அவை எவ்வாறு செயல்படுகின்றன, எங்கே குறை உள்ளது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அரசே நடத்தும் சீட்டு

1967ஆம் ஆண்டு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர் பி.கே. குஞ்சு சாகிப். அவருடைய முயற்சியால் அவ்வாண்டில் கேரள அரசு லாட்டரித் துறையைத் தோற்றுவித்தது. முதல் சீட்டு 1967 நவம்பர் 1ஆம் நாள், மாநிலம் அமைந்த நாளன்று, விற்பனைக்கு வந்தது. சீட்டின் விலை ஒரு ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடைபெற்றது. மக்கள்மீது புதிய வரிச்சுமை ஏற்றாமல் வருவாய் ஈட்டுவதும், வேலையற்ற ஏழைகளுக்குச் சீட்டு விற்பனையின் மூலம் பிழைப்பு அளிப்பதுமே இத்திட்டத்தின் இரு நோக்கங்கள்.

தமிழ்நாட்டிலும் 1968இல் அரசுப் பரிசுச் சீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்ற முழக்கம் அந்நாளில் ஊர்தோறும் ஒலித்ததை மூத்த தலைமுறையினர் அறிவர். பரிசு கிடைக்காவிடினும் சீட்டுக்குச் செலவிட்ட பணம் பொதுப்பணிக்குச் செல்லும் என்பதே அதன் பொருள். ஆயினும், அன்றாடக் கூலி பெறுவோர் சீட்டு வாங்கியே குடும்பத்தை வறுமைக்கு ஆளாக்குகின்றனர் என்ற கவலை வளர்ந்ததால், 2003 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எல்லா லாட்டரிகளின் விற்பனையையும் தடைசெய்தது. கேரளம் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. 2005ஆம் ஆண்டில் அனைத்து லாட்டரிகளையும் தடைசெய்த அம்மாநிலம், சில மாதங்களுக்குள் தாள் சீட்டுகளை மட்டும் மீண்டும் அனுமதித்தது. கணினி வழியே விற்கப்படும் இணைய லாட்டரிகளுக்கான தடையைத் தொடர்ந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் இந்நடவடிக்கையை ஏற்றுக்கொண்டது.

அரசமைப்பில் லாட்டரியின் இடம்

மத்திய அரசோ மாநில அரசோ நடத்தும் லாட்டரி, அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 40ஆம் இனத்தில் இடம்பெறுகிறது. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34ஆம் இனத்தில் உள்ளன. ஆகவே, அரசு லாட்டரிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. அவ்வதிகாரத்தின்படி இயற்றப்பட்டதே 1998ஆம் ஆண்டின் லாட்டரிகள் (ஒழுங்குமுறை) சட்டம்.

இச்சட்டத்தின் நான்காம் பிரிவு விதிக்கும் நிபந்தனைகள் கவனத்துக்குரியவை. ஒற்றை இலக்க எண்ணுக்குப் பரிசு வழங்கலாகாது. சீட்டுகளை மாநில அரசே தன் முத்திரையுடன், அவற்றின் உண்மைத்தன்மை உறுதிப்படும் வகையில் அச்சிட வேண்டும். விற்பனைத் தொகை மாநிலத்தின் பொதுக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். குலுக்கலை மாநில அரசே, அம்மாநில எல்லைக்குள் நடத்த வேண்டும். குறித்த காலத்துக்குள் கோரப்படாத பரிசுத் தொகை அரசுக்கே சேரும். ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. ஆண்டில் ஆறு பம்பர் குலுக்கல்களுக்கு மேல் நடத்தலாகாது. பிற மாநில லாட்டரிகளைத் தன் எல்லைக்குள் விற்பதைத் தடைசெய்யும் உரிமையை ஐந்தாம் பிரிவு மாநிலங்களுக்கு அளிக்கிறது.

அறப்பணிக்காகத் தனியார் நடத்தும் குலுக்கல்களின் நிலை என்ன? கோயில் திருவிழாவுக்காகவும், நோயுற்றவரின் சிகிச்சைக்காகவும், மன்றக் கட்டடத்துக்காகவும் கூப்பன் விற்றுக் குலுக்கல் நடத்தும் வழக்கம் இரு மாநிலங்களிலும் காணப்படுகிறது. கடன் தொல்லையால் சொந்த வீட்டையே கூப்பன் குலுக்கலில் விற்க முயன்றோரும் கேரளத்தில் உண்டு. நோக்கம் நல்லதாயினும், மாநில அரசின் லாட்டரியாகவோ அரசின் அனுமதி பெற்றதாகவோ இல்லாத குலுக்கலுக்கு அலுவலகம் வைத்து நடத்துவது குற்றமாகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294அ பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 297ஆம் பிரிவில் தொடர்கிறது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கு 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், அறநிறுவனங்கள் பதிவு செய்துகொண்டு சிறு குலுக்கல்களை நடத்த இடமளிக்கிறது. ஆனால், திரட்டிய தொகையில் குறைந்தது 20 விழுக்காடு அறிவிக்கப்பட்ட நோக்கத்துக்குச் சென்றாக வேண்டும். இந்தியாவில் அறநிறுவனங்களுக்கு அத்தகைய பொது வாய்ப்பு இல்லை. அறத்தின் பெயரால் சீட்டு விற்கும் பணியைக் கேரளத்தில் அரசே மேற்கொண்டுள்ளது. எனவே, அதற்குக் கணக்குக் காட்டும் பொறுப்பும் அரசையே சார்கிறது.

வரி விதிப்பின் வரலாறு

லாட்டரியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்க, அதன்மீது வரி விதிக்கும் அதிகாரம் யாருடையது என்ற வினா நீண்டகாலம் நீதிமன்றங்களில் இருந்துவந்தது. பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றின்மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 62ஆம் இனத்தில் அளிக்கப்பட்டிருந்தது. அதன் அடிப்படையில் கேரளச் சட்டமன்றம் 2005இல் தாள் லாட்டரி வரிச் சட்டத்தை இயற்றியது. பிற மாநிலங்களின் சீட்டுகளைக் கேரளத்தில் விற்போர் ஒவ்வொரு குலுக்கலுக்கும் குறித்த தொகையை வரியாகச் செலுத்த வேண்டியதாயிற்று. கர்நாடகம் இதுபோன்ற சட்டத்தை 2004இலேயே இயற்றியிருந்தது.

சிக்கிம், நாகாலாந்து, மேகாலயம் போன்ற மாநிலங்கள் இவ்வரியை எதிர்த்தன. ஒரு மாநில அரசு நடத்தும் லாட்டரிமீது மற்றொரு மாநிலம் வரி விதிக்கலாகாது என்பது அவற்றின் வாதம். இரு மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களும் அவ்வாதத்தை ஏற்றுச் சட்டங்களைச் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தன. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புகளை மாற்றியது. ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் வரி விதிக்கும் அதிகாரமும் தனித்தனியானவை. லாட்டரி சூதாட்டத்தின் ஒரு வகையே. ஆகவே அதன்மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு உண்டு என்று அது தெளிவுபடுத்தியது. லாட்டரி விநியோகஸ்தர்கள் மத்திய அரசுக்குச் சேவை வரி செலுத்த வேண்டியதில்லை என்று 2025 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பிலும் இதே கருத்தை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

இத்தீர்ப்புகள் சரக்கு மற்றும் சேவை வரிக்கு முந்தைய காலத்தைப் பற்றியவை. 2017 ஜூலை 1 முதல் லாட்டரி அப்புதிய வரியின் கீழ் வந்துவிட்டது. மாநில அரசு தானே நடத்தும் சீட்டுக்கு 12 விழுக்காடும், மாநில அரசின் அனுமதியுடன் பிறர் நடத்தும் சீட்டுக்கு 28 விழுக்காடும் முதலில் விதிக்கப்பட்டன. 2020 மார்ச் 1 முதல் இரண்டுக்கும் 28 விழுக்காடு என்ற ஒரே வீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இது 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வரியில் ஒரு பாதி மத்திய அரசுக்கும் மறுபாதி மாநில அரசுக்கும் சேருகிறது. பரிசாகத் திருப்பி அளிக்கப்படும் பகுதியையும் சேர்த்துச் சீட்டின் முழு முகமதிப்பின் அடிப்படையில் வரி விதிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உறுதிசெய்தது.

இதன் விளைவை எளிய கணக்கால் அறியலாம். வரி உட்பட 50 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். 28 விழுக்காட்டு வீதத்தில் அதில் வரி ஏறத்தாழ 10 ரூபாய் 94 காசு. 40 விழுக்காட்டு வீதத்தில் அது ஏறத்தாழ 14 ரூபாய் 29 காசாகிறது. சீட்டின் விலையை உயர்த்தாவிடின், கூடுதலான 3 ரூபாய் 35 காசு பரிசுத் தொகையிலிருந்தோ, முகவரின் கழிவிலிருந்தோ, அறப்பணிக்கு எஞ்சும் இலாபத்திலிருந்தோதான் வர வேண்டும்.

பரிசு பெற்றவரும் வரி செலுத்துகிறார். 2022 முதல் திருவோணம் பம்பர் சீட்டின் முதல் பரிசு 25 கோடி ரூபாய். சீட்டின் விலை 500 ரூபாய். அப்பரிசில் 10 விழுக்காடான இரண்டரைக் கோடி ரூபாய் முகவருக்குரிய கழிவாகும். எஞ்சிய 22.5 கோடியில் 30 விழுக்காடு, அதாவது 6.75 கோடி ரூபாய், வருமான வரியாகப் பிடிக்கப்படுகிறது. பரிசு பெற்றவரின் கைக்கு வருவது 15.75 கோடி ரூபாய். கூடுதல் வரியையும் தீர்வையையும் அவர் பின்னர் இதிலிருந்தே செலுத்த வேண்டும். இதனை அறியாமல் முழுத் தொகையும் தமக்கே என்று எண்ணிச் செலவிட்டு இடர்ப்படுவோர் உண்டு. எனவேதான், பரிசு பெற்றோருக்கு நிதி மேலாண்மைப் பயிற்சி அளிக்கும் முயற்சியைக் கேரள லாட்டரித் துறை, திருவனந்தபுரத்திலுள்ள குலாட்டி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவனத்தின் துணையுடன் மேற்கொண்டது.

கருண்யா – பணம் சென்ற வழி

லாட்டரி வருவாய் பொதுக் கணக்கில் கலந்துவிடும்போது, எந்த ரூபாய் எந்தப் பணிக்குச் சென்றது என்று குடிமகன் அறிவது கடினம். 2011இல் தொடங்கப்பட்ட கருண்யா சீட்டு இதற்கு விலக்காக அமைந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த கே.எம். மாணி கொண்டுவந்த இத்திட்டத்தின்படி, அச்சீட்டின் இலாபம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. 2012இல் கருண்யா நல நிதி செயல்படத் தொடங்கியது. புற்றுநோய், இதயநோய், சிறுநீரக நோய், குருதி உறையாமை போன்ற பெருஞ்செலவு நோய்களுக்கு உதவி வழங்கப்பட்டது. பொதுவாக 2 இலட்சம் ரூபாய் வரையிலும், சிறுநீரக நோய்க்கு 3 இலட்சம் ரூபாய் வரையிலும் நோயாளிகள் பயன்பெற்றனர்.

பின்னர் இந்த ஏற்பாடு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுடன் இணைந்த கருண்யா ஆரோக்கியப் பாதுகாப்புத் திட்டமாக வளர்ந்தது. இதன்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது. அத்திட்டத்தில் இடம்பெறாத, ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்காக நல நிதியும் தொடர்ந்தது. சீட்டு வாங்கியவர், தம் பணம் எதற்குச் செல்கிறது என்பதைச் சீட்டின் பெயரிலேயே அறிந்துகொள்ள முடிந்தது. இதுவே கருண்யா சீட்டின் சிறப்பாகும்.

விற்பவர் யார்?

கேரளத்தின் எந்தப் பேருந்து நிலையத்திலும், மருத்துவமனை வாயிலிலும், சந்தை முனையிலும் சீட்டு விற்போரைக் காணலாம். அவர்களுள் முதியவர்களும், பார்வையற்றோரும், கைகால் இயலாதோரும் பலர். வேறு வேலைக்குச் செல்ல இயலாதவர்க்கு இது மானத்துடன் வாழ வழிசெய்யும் தொழில் என்பதில் ஐயமில்லை. முகவர்கள், விற்பனையாளர்கள் ஆகியோருக்கென நலநிதி வாரியமும் மாநிலத்தில் செயல்படுகிறது. அதே வேளையில், வெயிலிலும் மழையிலும் நின்று ஒரு சீட்டுக்குச் சில ரூபாய் ஈட்டும் முதியவர், வீட்டில் யாருடைய ஆதரவும் இன்றியே அங்கு வந்து நிற்கிறாரா என்ற வினா எழாமல் இராது. அறப்பணிக்காக நடத்தப்படும் சீட்டை விற்பவரே பாதுகாப்பு தேவைப்படுபவராகவும் இருக்கலாம் என்பதால், லாட்டரிச் சட்டத்தைப் பற்றிய ஆய்வு முதியோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடாமல் நிறைவு பெறாது.

முதியோர் பாதுகாப்புச் சட்டம்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, கேரளத்தில் அவர்கள் 12.6 விழுக்காடு. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பிற இடங்களிலும் பணிபுரிய, பெற்றோர் தனியே வாழும் வீடுகள் அங்கு மிகுதி. இந்நிலையில், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் நாடாளுமன்றத்தால் இயற்றப்பட்டது. கேரளம் அதனை 2008இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2009இல் விதிகளை வகுத்தது.

தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோரும், 60 வயது நிரம்பியோரும் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் பராமரிப்புக் கோரலாம். பிள்ளையில்லாதவர், தம் சொத்தை வைத்திருக்கும் அல்லது பெறவிருக்கும் உறவினரிடம் கோரலாம். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். வருவாய்க் கோட்ட அளவில் அமைந்த தீர்ப்பாயம் மனுவை விசாரிக்கிறது. தமிழ்நாட்டிலும் வருவாய்க் கோட்டாட்சியரே இப்பொறுப்பை வகிக்கிறார். வழக்கறிஞர் துணை தேவையில்லை. முதியவர் தாமே மனு அளிக்கலாம், அல்லது மற்றொருவரோ தொண்டு நிறுவனமோ அவர் சார்பில் அளிக்கலாம். அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 90 நாள்களுக்குள், சிறப்புக் காரணம் இருப்பின் மேலும் 30 நாள்களுக்குள், மனு முடிவுசெய்யப்பட வேண்டும். மாதப் பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு 10,000 ரூபாய். தீர்ப்பு நிறைவளிக்காவிடின் 60 நாள்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். முதியவரைக் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியதாகும். தம் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் முதியவர் ஒருவர் தம் சொத்தைக் கொடையாக எழுதித் தந்து, பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், அக்கொடையை ரத்து செய்யுமாறு தீர்ப்பாயத்தைக் கோரலாம். நிபந்தனை இருந்ததற்குச் சான்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. கொடை ரத்தாகும்போது சொத்தை முதியவரின் கைவசம் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் ஆணையிடலாம் என்று 2025 ஜனவரியில் அது விளக்கியது. எனவே, பிள்ளைகள்மீது எத்துணை நம்பிக்கை இருப்பினும், தானப்பத்திரம் எழுதும்போது பராமரிப்பு நிபந்தனையை அப்பத்திரத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுவது நலம். பத்திரப் பதிவு அலுவலகங்களில் இது குறித்த அறிவிப்புப் பலகை வைத்தால் பலர் பயனடைவர்.

கண்காணிப்பில் உள்ள இடைவெளி

சட்டம் உரிமையை அளிக்கிறது. ஆனால், அவ்வுரிமையைக் கேட்டு வர இயலாதவரை யார் தேடிச் செல்வது? இங்கேதான் இடைவெளி தொடங்குகிறது.

முதலாவதாக, முதியோர் இல்லங்களின் நிலையைக் கருதுவோம். மாவட்டந்தோறும் குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கத்தக்க இல்லம் ஒன்றை மாநில அரசு அமைக்கலாம் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ‘அமைக்கலாம்’ என்றுதான் கூறுகிறதே தவிர, ‘அமைக்க வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தவில்லை. திருவனந்தபுரம் புலையனார்கோட்டையில் அரசு முதியோர் இல்லம் ஒன்று இயங்குகிறது. எனினும், தனியாரும் அறக்கட்டளைகளும் நடத்தும் இல்லங்களே மிகுதி. 1960ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள், அற இல்லங்கள் மேற்பார்வைச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இல்லங்களை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டதாகும். முதியோர் இல்லங்கள் அனைத்தும் பதிவு பெற வேண்டும், குறைந்தபட்சத் தரத்தைப் பேண வேண்டும் என்பதற்காக 2019இல் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பை நீக்கவும் அது வகைசெய்தது. நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்று திரும்பிய அம்மசோதா, 2024இல் பதினேழாம் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

இரண்டாவதாக, நினைவிழந்தோர் நிலை. மறதி நோயாலோ நீண்ட மயக்கத்தாலோ தம் காரியத்தைத் தாமே நடத்த இயலாத ஒருவரின் வங்கிக் கணக்கையும் சொத்தையும் யார் நிர்வகிப்பது? 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மூளை முடக்குவாதம், மன இறுக்கம் முதலிய குறிப்பிட்ட சில நிலைகளில் உள்ளோருக்கே காப்பாளரை நியமிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் பிரதிநிதியின் பொறுப்பு சிகிச்சையைச் சார்ந்தது. சொத்து நிர்வாகம் அதில் அடங்காது. மயக்க நிலையில் உள்ளோருக்குத் தெளிவான சட்டம் இல்லாத நிலையில், கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தானே நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவக் குழு நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். வருவாய்த் துறை அலுவலர் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தர வேண்டும். நியமிக்கப்படும் காப்பாளர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தம் நடவடிக்கைகளைப் பற்றி நீதிமன்றப் பதிவாளருக்கு அறிக்கை அளிக்க வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. காப்பாளரை நியமிப்பதோடு நில்லாமல், அவரிடம் காலந்தோறும் கணக்குக் கேட்பது இந்நெறிமுறைகளின் சிறப்பாகும். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்படி அமைந்த பொதுக் காப்பாளர் அலுவலகம் இத்தகைய மேற்பார்வையை நிலையான பணியாகச் செய்துவருகிறது. நம் நாட்டில் இது நீதிமன்ற நெறிமுறை அளவிலேயே நிற்கிறது.

முதியோர் ஆணையம்

இச்சூழலில் கேரளச் சட்டமன்றம் 2025 மார்ச்சில் மாநில முதியோர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டிலேயே இத்தகைய ஆணையம் அமைத்த முதல் மாநிலம் கேரளமாகும். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இவ்வாணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் மூத்த குடிமக்களே. உறுப்பினருள் ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி வகுப்பினராகவும் இருக்க வேண்டும். முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் கே. சோமபிரசாத் அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். புறக்கணிப்பு, சுரண்டல், ஆதரவின்மை ஆகியவை குறித்த குறைகளைக் கேட்பதும், அரசுக்குப் பரிந்துரை செய்வதும், முதியோரின் அனுபவ அறிவைச் சமுதாயத்துக்குப் பயன்படச் செய்வதும் இதன் பணிகளாகும்.

பரிந்துரை செய்யும் அமைப்பின் வலிமை, அப்பரிந்துரைகளைப் பிற துறைகள் ஏற்கும் அளவைப் பொறுத்ததாகும். தனியே வாழும் முதியோரைச் சந்தித்துவரும் ஜனமைத்ரி காவல் திட்டம், நகர்ப்புற முதியோருக்கு நடமாடும் மருத்துவ உதவி அளிக்கும் வயோமித்ரம் திட்டம், நாடெங்கும் 14567 என்ற எண்ணில் இயங்கும் முதியோர் உதவித் தொலைபேசி ஆகியவை ஏற்கெனவே உள்ளன. இவற்றின் வழியே தெரியவரும் செய்திகள் தீர்ப்பாயத்துக்கும் ஆணையத்துக்கும் முறையாகச் சென்றுசேர வேண்டும்.

சீட்டுக்குள்ள காவல் முதியோருக்கும் வேண்டும்

லாட்டரித் துறையில் ஒரு சீட்டு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு சீட்டுக்கும் எண் உண்டு. போலியைத் தடுக்கும் அடையாளங்கள் உண்டு. திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் நடைபெறும் குலுக்கல், நடுவர் குழுவின் முன்னிலையில் பொதுமக்கள் காண நடத்தப்படுகிறது. பரிசைக் கோர 30 நாள் கெடு உண்டு. விற்ற சீட்டு எத்தனை, வரி எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. பணம் கைமாறும் இடம் ஒவ்வொன்றிலும் ஐயத்துக்கு இடமின்றிச் சட்டம் காவல் நிற்கிறது. இக்காவலே அறுபது ஆண்டுகளுக்கு அண்மையான காலம் மக்களின் நம்பிக்கையை அத்திட்டத்துக்குப் பெற்றுத் தந்துள்ளது.

அதே அளவு காவலை, அப்பணத்தால் பயன்பெற வேண்டிய முதியவருக்கும் அளிப்பது இயலாத காரியமன்று. அதற்குப் பின்வரும் நடவடிக்கைகளைக் கருதலாம். முதியோர் இல்லங்கள் அனைத்துக்கும் பதிவு எண் வழங்கி, அவற்றைக் குறித்த கால இடைவெளியில் பார்வையிட்டு, அறிக்கையைப் பொதுமக்கள் அறிய வெளியிடலாம். பராமரிப்புத் தீர்ப்பாயங்களுக்கு வந்த மனுக்கள், 90 நாளுக்குள் முடிந்தவை, ஆணையிட்டும் தொகை வந்துசேராதவை ஆகியவற்றின் எண்ணிக்கையை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம். தம் சொத்தைத் தாமே நிர்வகிக்க இயலாதவரின் காப்பாளர்கள் ஆறு மாதக் கணக்கு அளிக்கும் முறையைச் சட்டமாக்கலாம். சீட்டு விற்கும் முதியோரின் நிலையை நலநிதி வாரியத்தின் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்து, ஆதரவற்றோரை முதியோர் ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். கருண்யா சீட்டில் செய்ததுபோல, லாட்டரி வருவாயில் ஒரு பகுதியை இக்கண்காணிப்புப் பணிக்கெனப் பெயர் சுட்டி ஒதுக்குவதும் பொருத்தமாகும்.

லாட்டரியை நடத்துவதா, தடைசெய்வதா என்பதில் தமிழ்நாடும் கேரளமும் வேறுபட்ட முடிவுகளை எடுத்துள்ளன. இரண்டுக்கும் தக்க காரணங்கள் உண்டு. ஆனால், முதியோர் பாதுகாப்பில் இரு மாநிலங்களுக்கும் கடமை ஒன்றே, சட்டமும் ஒன்றே. தன் உரிமையைக் கேட்க அலுவலகம் வரை வர இயலாத முதியவரின் வீட்டுக்கும் இல்லத்துக்கும் அச்சட்டம் சென்று சேரும்போதுதான் அதன் நோக்கம் நிறைவேறும்.